அரிசிப் பையும் மணல் பையும்

அலோர் காஜா
12-8-1952

அன்புள்ள மகன் சேகரனுக்கு அம்மா மங்களம் சொல்லி எழுதுவது. முள்வேலிக்குள் நாங்கள் நால்வரும் சுகம், சிங்கப்பூரில் நீயும் வேளைக்குச் சாப்பிட்டுச் சுகமாய் இருக்க மாரியம்மன் துணை. (எழுதும் கை சாந்தியுடையது, அண்ணா. இப்படி அடைப்புக்குறிக்குள் வருவதெல்லாம் என் சொந்தச் சரக்கு, அம்மாவுக்குத் தெரியாது. வேலிக்குள் எல்லாரும் முள், நான் மட்டும் முல்லை.)

தம்பி முனியாண்டியை ஏதாவது ஆஸ்பத்திரியில் விட்டுவிடச் சொல்லி எழுதியிருந்தாய். அவன் கடித்த தழும்பு உன் கையில் இருக்கிறது, எழுதியதில் தப்பில்லை. ஏழு வயதாகியும் பேச்சு வரவில்லை, தொட்டால் கடிக்கிறான், வேலிக் கேட்டில் போலீஸ் சோதனைக்குக் கை வைத்தால் திமிறிக்கொண்டு ஓடுகிறான், ஓடுகிறவனைச் சுட்டால் கேட்க ஆளில்லை. இன்னொரு தடவை ஓடினால் பிள்ளையை வெளியே அனுப்பிவிட வேண்டும் என்று எஸ்டேட் ஆபீஸ் கிராணியும் சொல்லிவிட்டார். அதனால் மலாக்காவுக்குக் கொண்டுபோனோம், அங்கே கைவேலை கொடுத்தே பிள்ளைகளைப் பழக்குகிற பராசக்தி என்ற யாழ்ப்பாணத்து நர்ஸ் மிஸ்ஸி இருக்கிறார். மருந்து ஒன்றும் தரவில்லை. ஒரு மணி நேரம் அவனை மா பிசையவும் பெட்டி தள்ளவும் விட்டுப் பார்த்துவிட்டு, "இவன் கெட்ட பிள்ளை இல்லை அம்மா, இவன்ர உடம்பு பாரம் கேக்குது, அதைக் குடுங்கோ" என்றார். காலையில் தண்ணீர் வாளி தூக்க வைக்க வேண்டும், கேட்டுக்குப் போகும்போது இடுப்பில் கனமான பை கட்ட வேண்டும், தொட்டால் லேசாகத் தொடாமல் அழுத்திப் பிடிக்க வேண்டும், அவ்வளவுதான்.

பைக்குள் என்ன போடுவது என்று நான் கேட்கவில்லை. மணல் என்றால் கொட்டும் என்று நினைத்து, எங்கள் பங்கீட்டு அரிசியில் நாலு பால் டின் அளந்து போட்டுத் தைத்துவிட்டேன். ஒரு பிடி அரிசிகூட வேலி தாண்டக் கூடாது என்பது தெரியும், ஆனால் அது எனக்கு அரிசியாகவே தோன்றவில்லை, மருந்தாகத்தான் தோன்றியது. மறுபடி மலாக்காவுக்குப் புறப்பட்ட அன்று கேட்டில் பையைக் கிழித்தார்கள், காட்டில் ஒளிந்திருக்கும் கம்யூனிஸ்டுகளுக்குக் கொண்டுபோகிறோம் என்று அப்பாவைப் பிடித்துப் போனார்கள். (அரிசி போய் அரெஸ்ட் வந்தது.) மிஸ்ஸி கடிதம் எழுதிக் கொடுத்த பிறகு மூன்றாம் நாள் விட்டார்கள். வந்தவர் மணலைச் சலித்துக் காயவைத்து அவரே வேறு பை தைத்தார். ஆனால் ஒன்று, அன்றைக்குப் பையைக் கிழிக்கும்வரை உன் தம்பி அசையாமல் நின்றான். இப்போது மணல் பையோடு பதினாறு நாள், ஒரு நாளும் ஓடவில்லை. நேற்று மலாய்க்காரக் காவலர், பழகிய பிள்ளைதானே என்று தொடாமலே, "ஜாலான் லா" என்று போகச் சொன்னார். இவன் போகவில்லை. அழுத்திச் சோதித்தால்தான் நகர்வேன் என்று கையை விரித்துக்கொண்டு நின்றான், பின்னால் வரிசை முழுதும் காத்திருந்தது.

ஆகையால் அவனை எங்கும் அனுப்பவில்லை, இனி அதை எழுதாதே. மழையில் நனையாதே, எண்ணெய் தேய்த்துக் குளி. தீபாவளிக்கு வரும்போது அவனைத் தட்டிக் கொடுக்காதே, இறுக்கிக் கட்டிப்பிடி, முப்பது எண்ணும்வரை விடாதே.

தீர்க்காயுசாய் இரு.

இப்படிக்கு,
உன் அம்மா மங்களம்

(ரேகை அம்மாவுடையது, பக்கத்தில் இருக்கும் மசிக் கறை தம்பியுடையது. நானும் பிடித்துப் பார்த்தேன், அண்ணா. முப்பதில் நான் விட்டுவிட்டேன். அவன் விடவில்லை.)