பிரேக்கில் எடை பார்க்கவில்லை

அன்புத் தங்கைக்கு,

நீ மறுபடி சைக்கிள் ஓட்டலாம் என்று டாக்டர் சொன்னதாக அம்மா சொன்னாள். அதிலிருந்து என் கை சும்மா இருக்க மாட்டேன் என்கிறது.

பந்தயத்துக்கென்று ஒரு மலைச் சைக்கிளைப் பாகம் பாகமாக வாங்கிச் சேர்த்திருக்கிறேன். முன்னால் மட்டும் ஷாக் அப்சார்பர். பின்னாலும் வைத்தால் ஏற்றத்தில் மிதிக்கிற பலம் வீணாகும். சக்கரங்கள் இலேசானவை. பிரேக்கில் மட்டும் எடை பார்க்காமல், கடையில் இருந்ததிலேயே உறுதியானதை வாங்கினேன். நீ விழுந்த சைக்கிளுக்கும் நான்தான் பிரேக் மாட்டினேன். இந்த பிரேக்கை மெக்கானிக்கைக் கொண்டு மாட்டி, இறக்கத்தில் பத்துத் தடவை நானே ஓட்டிப் பார்த்தேன்.

"ஃபிரேம் உங்களுக்குச் சின்னதா இருக்கே, முட்டி இடிக்குதே" என்றார் அவர்.

"இடிச்சா இடிக்கட்டும். ஓட்டப்போறது நான் இல்ல" என்றேன்.

சீட்டை இன்னும் முடுக்கவில்லை. வந்து உட்கார்ந்து உயரம் சொல்லு.

உன் அக்கா