பந்தயத்துக்குப் பிந்தைய மாலை

செப்டம்பர் 4
அறுவை சிகிச்சையில் இரைப்பையைச் சிறிதாக்கிக்கொண்டு ஒரு வருடம் ஆகப்போகிறது. இன்று மலைகளுக்கு நடுவே கடல் நீண்டு கிடக்கும் ஃபியோர்டு ஓரமாக ஓடினேன். மூடுபனி. தண்ணீர் எது, வானம் எது, தெரியவில்லை. எனக்கு உடம்பு என்று ஒன்று இருப்பதே மறந்துபோயிற்று. படியேறவே மூச்சு வாங்கிய தோருன் நான்தானா?

வீட்டுக்கு வந்து சோபாவில் விழுந்தவள், கணவன் ஐலிஃப் மீன் சூப்போடு எழுப்பும்வரை எழவில்லை. இரண்டு கரண்டிதான் இறங்கியது.

"என் சமையலுக்கு உன் வயித்துல இடமே இல்ல" என்று சிரித்தான். சிரிப்பா அது?

செப்டம்பர் 9
களைப்பு. மழைகூட மெதுவாகப் பெய்வதுபோல் இருக்கிறது.

செப்டம்பர் 20
கூட ஓடும் குன்வோர், "முகம் ஏன்டி இப்படி வெளுத்துக் கெடக்கு? சாப்பிட்டியா இல்லியா?" என்றாள். சாப்பிட்டேன் என்றேன். பொய். சாப்பிட்டால் பழைய உடம்பு திரும்பி வந்துவிடுமோ — யாரிடம் சொல்ல இதை?

செப்டம்பர் 28
பாலம் தாண்டியதும் பாதை மிதக்கத் தொடங்கியது. அழகாகத்தான் இருந்தது, மரங்களெல்லாம் தண்ணீருக்குள் நிற்பதுபோல. கண் திறந்தால் ஈரப்புல்லில் கிடக்கிறேன். குன்வோர் போனில் கூப்பிட்டு, ஐலிஃப் வீட்டுச் செருப்போடே ஓடி வந்திருந்தான்.

"கோவமில்ல தோருன். பயமா இருக்கு. தெனமும் கொஞ்சம் கொஞ்சமா காணாமப் போயிட்டே இருக்கியே."

அழுதான். நானுந்தான்.

அக்டோபர் 2
ரத்தத்தில் இரும்புச்சத்து அடிமட்டத்தில். நரம்பில் ஏற்றினார்கள்.

"இனிமே ஓடவே கூடாதா?" என்று நர்ஸிடம் கேட்டேன்.

"ஓடலாம், ஆனா கொஞ்ச நாளைக்கு நட. வெறும் வயித்தோட கெளம்பாத. சின்ன வயிறு, ஒரே வேளையில நிரப்ப முடியாது. குருவி மாதிரி கொத்திக்கிட்டே இரு."

அக்டோபர் 19
நடை மட்டும். ஐலிஃப் பழுப்புப் பாலாடைக்கட்டி வைத்த ரொட்டியைத் தபால்தலை அளவுக்கு வெட்டித் தருகிறான். "மகாராணிக்கு விருந்து!" பயந்துகொண்டேதான் சாப்பிட்டேன். ஆனாலும் சாப்பிட்டேன்.

டிசம்பர் 7
ஓடவில்லை. தூங்கினேன். பனி விழும் சத்தம் கேட்டது — பனிக்குச் சத்தம் உண்டா என்ன?

ஏப்ரல் 26
ஊர் ஓட்டப் பந்தயம். மேட்டில் கால் கனத்தது. அதோடு வாதாடவில்லை, நடந்தேன். தாண்டிப்போன ஒரு பெரியவர், "என்னம்மா, காத்து எறங்கிடுச்சா?" என்றார். "மிச்சம் வச்சிருக்கேன்" என்றேன். கடைசி ஆட்களோடுதான் வந்து சேர்ந்தேன்.

சாயங்காலம் ஐலிஃபும் நானும் படகுத்துறையில் உட்கார்ந்திருந்தோம். தன் வேலை, தன் அண்ணனோடு போட்ட சண்டை என்று ஏதேதோ சொல்லிக்கொண்டே போனான். இங்கே இப்போதெல்லாம் சீக்கிரம் இருட்டுவதில்லை. ஓடிய நாளில் சோபாவில் போய் விழாமல், முழுக்க விழித்திருந்து எல்லாவற்றையும் கேட்டேன்.