சமையல் மேடையின் உயரம்

தகனினி, ஆக்லாந்து
ஜூலை 14

அன்புள்ள அரவிந்துக்கு,

நலம். நீங்களும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போனில் கேட்டால் ‘ம்’ என்கிறீர்கள். வாட்ஸ்அப்பில் நீல டிக் மட்டும் வருகிறது. அதனால்தான் தபால். கல்யாணமாகி நான்கு வருடத்தில் உங்களுக்கு நான் எழுதும் முதல் கடிதம். சிரிக்காதீர்கள்.

வைக்கோலில் வீடா, மாடு வந்து தின்றுவிட்டுப் போகும் என்று கேலி செய்தீர்களே, எங்கள் ஆபீஸ் கட்டித் தரும் அந்தக் கிளீவ்டன் வீட்டுக்குச் சுவர் எழும்பிவிட்டது. இறுக்கிக் கட்டிய வைக்கோல் கட்டுகள், மேலே களிமண் பூச்சு. உங்கள் கான்கிரீட் வீட்டைவிட உள்ளே கதகதப்பாக இருக்கிறது, கோபப்படாதீர்கள். மழை விடவே இல்லை. ஈரம் ஏறாமல் தார்ப்பாய் போட்டு மூடியிருக்கிறார்கள்.

அந்த வீட்டில் நான் ஒரு தப்பு செய்துவிட்டேன். முழு வீட்டையும் முதலில் கம்ப்யூட்டரில் மாடலாகக் கட்டுவதுதானே என் வேலை. நான் போடும் அளவில்தான் ஈஸ்ட் டாமாக்கி பட்டறையில் மரம் அறுக்கிறார்கள். சமையல் மேடை வந்து இறங்கியதும் தச்சர் ஹிதேஷ், ஃபிஜிக்காரர், முன்னால் நின்று பார்த்துவிட்டு இது யாருக்கு என்று கேட்டார். வீட்டுக்காரம்மா ஐந்தடிகூட இல்லை. மேடை அவர் முழங்கைக்கு மேலே நிற்கிறது.

திருச்சி வீட்டில் குனிந்து காய் நறுக்கி முதுகு போகிறது என்று புலம்பினீர்களே, அப்போது டேப் வைத்து உங்களுக்காக அளந்தேனே, அதே அளவு. யோசிக்காமலே போட்டிருக்கிறேன். ஆபீசில், டைப் செய்ததில் பிழை என்று சொல்லிவிட்டேன். மேடையின் கால்களை அறுத்துக் குறைத்துவிட்டார்கள். ரயிலில் திரும்பும்போது அழுதேன். பக்கத்து சீட் பெண் டிஷ்யூ நீட்டினாள், ஒன்றும் கேட்கவில்லை. இங்கே யாரும் ஒன்றும் கேட்பதில்லை.

நான் முதலில் வருவது, ஆறு மாதத்தில் நீங்கள் என்றுதானே பேச்சு? பதினான்கு மாதம் ஆகிறது. உங்கள் விசா படிவத்தில், இருவரும் சேர்ந்து வாழ்கிறீர்களா என்று ஒரு கேள்வி இருக்கிறது. அதை மட்டும் நிரப்பவில்லை. நீங்கள் கையெழுத்துப் போட வேண்டிய பக்கத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். போனில் கேட்கப் பயம். குரலிலேயே பதில் தெரிந்துவிடும்.

வேளைக்குச் சாப்பிடுங்கள். எங்கே இருந்தாலும் நீங்கள் நன்றாக இருக்க வேண்டும். வர மனமில்லையென்றால் அந்தப் பக்கத்தைச் சும்மா போட்டு வைத்துவிடாதீர்கள். வரவில்லை என்று உங்கள் கையாலேயே இரண்டு வரி எழுதுங்கள். கவரின் மேலாவது உங்கள் எழுத்தில் என் பெயர் இருக்கும்.

உங்கள்
லக்ஷ்மிப்ரியா