பால்கனியில் கிடந்த கோட்

ஒஸ்லோ, மார்ச் 2004

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் நல்ல சுகம். உங்கள் முழங்கால் வீக்கம் வற்றிவிட்டதா?

நோர்வேயின் வடக்கே நான் வேலை செய்த மீன் தொழிற்சாலையை மூடியதும், இந்த நகரத்தில் எனக்குத் தெரிந்த ஒரே வீடு என்று பெரியம்மாவின் மகன் மகேந்திரராசா அண்ணையிடம்தானே வந்தேன். முதல் நாளே விருந்தாளிகளுக்கு முன்னால், “மீன் மணக்குது” என்று என் கோட்டை அவர் பால்கனியில் எறிந்ததை உங்களுக்கு நான் எழுதவில்லை.

இப்போது ரொம்சோஸில் தனி வீடு எடுத்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை அண்ணையைக் குடும்பத்தோடு அழைத்து, நீங்கள் பனங்கிழங்கைக் காயவைத்து இடித்து அனுப்பிய ஒடியல் மாவில் மீன் தலை போட்டுக் கூழ் காய்ச்சினேன்.

“இன்னும் கொஞ்சம் விடு பிள்ளை” என்று கேட்டுக் கேட்டுக் குடித்தார்.

வெளிக்கிடும்போது அவருடைய கோட்டைக் காணவில்லை. பால்கனிக் கதவைத் திறந்து காட்டினேன். பனியில் பலகைபோல விறைத்துக் கிடந்தது.

“மீன் மணக்கும் எண்டு வெளியிலை போட்டனான் அண்ணை” என்றேன்.

அதையே போட்டுக்கொண்டு போனார். இங்கே வந்தபிறகு அன்றுதான் நிம்மதியாக நித்திரை கொண்டேன்.

வேலைக்கு நேரமாகிறது. அடுத்தமுறை ஒடியல் மா பாதி அனுப்பினால் போதும் அம்மா. இனி எனக்கு மட்டும்தானே காய்ச்ச வேண்டும்.

உங்கள் மகள்,
சுகந்தினி