வானத்தை மட்டும் கேட்டவர்கள்

என் பிடிவாதக்காரத் தம்பி மாறனுக்கு,

நீ போய் வருஷம் திரும்பப் போகிறது. இத்தனை நாளும் உனக்கு ஒரு வரி எழுதத் தோன்றவில்லை. துக்கத்தில் கை ஓடவில்லை என்று நினைத்துக்கொள்ளாதே. கோபம்தான். இன்றைக்கும் அது தணியவில்லை. ஆனால் சிதம்பரத்தில் நடந்ததை உனக்குச் சொல்லாமல் வேறு யாருக்குச் சொல்வேன்?

முதலில் வீட்டுச் சேதி. அப்பா இப்போது கடலூர் செம்மண்டலத்தில் என்னோடுதான் இருக்கிறார். பண்ருட்டிப் பக்கத்து முந்திரிக் கொல்லையைக் குத்தகைக்கு விட்டாயிற்று. காலையில் பேப்பர் படிக்கிறார், மத்தியானம் டிவியில் பேசுகிறவர்களைத் திட்டுகிறார். உன் பேச்சை எடுப்பதில்லை. நானும் எடுப்பதில்லை. சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் இரண்டு பேரும் உன் பேரைத் தொடாமல் சுற்றிக்கொண்டு போகிறோம்.

நர்சாக வேலை பார்க்கும் அக்காவை வைத்துக்கொண்டு மஞ்சள் காமாலையை மறைத்தவன் நீ. சிதம்பரத்தில் உன் மாடி அறைக்கு நான் வந்தபோது உன் கண் எலுமிச்சம்பழ நிறத்தில் இருந்தது. "என்னடா கண்ணு இப்டி இருக்கு?" என்றேன். "பெயிண்டுக்கா," என்றாய். சிரிக்க வேறு சிரித்தாய். சுவரைப் பார்த்துத் திருப்பி வைத்திருந்த அந்தப் பெரிய படத்தைக் காட்டி, "இது முடியட்டும், நீ சொல்ற ஆஸ்பத்திரிக்கு வரேன்," என்றாய். படம் முடிந்தது. நீ ஆஸ்பத்திரிக்கும் வந்தாய். டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசும் நிலையில் வந்தாய். ஒரு படத்துக்குக் கொடுக்கிற விலையாடா அது?

அந்தப் படத்தைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

உன்னோடு ஓவியக் கல்லூரியில் ஒரே அறையில் இருந்த பாஸ்கர், போன மாதம் வீட்டுக்கு வந்தார். உன் படங்களையெல்லாம் வைத்துச் சிதம்பரத்தில் ஒரு கண்காட்சி நடத்தப்போவதாகச் சொன்னார். கீழவீதிக்குப் பக்கத்தில் ஒரு கல்யாண மண்டபத்தின் மாடியைப் பிடித்திருந்தார். "அப்பாவக் கண்டிப்பா கூட்டிட்டு வாங்கக்கா," என்றார். நல்ல மனுஷன்தான். ஆனால் அந்தப் படத்தில் என்ன இருக்கிறது என்று ஒரு வார்த்தை முன்கூட்டிச் சொல்லியிருக்கலாம். எங்களுக்குத் தெரியும் என்று நினைத்துவிட்டாராம். நீதான் எங்களிடம் எதைச் சொல்லியிருக்கிறாய்?

அப்பா வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து பேசாமலே வந்தார். மாடிப்படி ஏறும்போது மட்டும், "இவன் படத்தப் பாக்க இத்தினி பேரு வராங்களா?" என்று கேட்டார். குரலில் கொஞ்சம் பெருமை இருந்தது, மாறா. அது ரொம்ப நேரம் இருக்க நீ விடவில்லை.

உள்ளே ஒருவர் மைக்கில் பேசிக்கொண்டிருந்தார். மனிதனின் போராட்டம், இயற்கையின் பிரம்மாண்டம், இரண்டும் உன் தூரிகையில் சங்கமிக்கின்றனவாம். சால்வை போர்த்திய தோள்களெல்லாம் ஆமாம் ஆமாம் என்று ஆடின. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. போராட்டம் என்ற சொல்லை வாயில் போட்டுக் கற்கண்டு மாதிரி சப்புகிறவர்களைக் கண்டால் எனக்கு ஆகாது. வார்டில் நான் பார்க்கிற எவரும் தான் போராடுவதாகச் சொன்னதில்லை. வலிக்குது என்பார்கள், வீட்டுக்கு எப்ப விடுவீங்க என்பார்கள்.

பேச்சு முடிந்து கூட்டம் விலகியது. அப்போதுதான் எதிர்ச் சுவர் முழுக்க அந்தப் படம் தெரிந்தது.

புயலுக்கு மறுநாள் காலை. நம் கொல்லை.

படத்தில் பெரும்பகுதி வானம். எப்பேர்ப்பட்ட வானம் அது. கழுவித் துடைத்த மாதிரி நீலம், கிழக்கில் மட்டும் இளஞ்சிவப்பு. ராத்திரி முழுக்க அத்தனை மரத்தையும் பிடுங்கிப் போட்டுவிட்டு, காலையில் ஒன்றும் தெரியாததுபோல் வந்து நின்ற வானம். அன்றைக்கு நானும் அதைப் பார்த்தேன். வெட்கமில்லாத வானம் என்று நினைத்தேன். அவ்வளவு அழகாக இருந்ததுதான் எனக்குத் தாங்கவில்லை. அதற்குக் கீழே வேரோடு சாய்ந்து கிடக்கும் முந்திரிகள், செம்மண் ஒட்டிய வேர்கள், தண்டு பிளந்த பலா.

இடது மூலையில், விழுந்த மரத்தின் மேல் அப்பா.

இடுப்பில் ஒரு கோவணம், உடம்பெல்லாம் சேறு. இரண்டு கையும் தொடை மேல் மல்லாந்து கிடக்க, வாயைத் திறந்து அழுகிறார். உள்நாக்கு தெரிகிற மாதிரி வரைந்திருக்கிறாய், பாவி.

எனக்கு அந்தக் காலை அப்படியே வந்துவிட்டது. நான் ஓடிப்போய் அவரைத் தூக்கப் பார்க்கிறேன். "எழுந்திருங்கப்பா, எழுந்திருங்க," என்று கத்துகிறேன். நீ பத்தடி தள்ளி நின்று, நனைந்த அட்டை ஒன்றை முழங்கையில் அணைத்துக்கொண்டு வரைகிறாய். பெத்த தகப்பன் அழுகிறார், நீ வரைகிறாய். அட்டையைத் தட்டிவிட்டேன், கன்னத்தில் ஒன்று வைத்தேன். அதற்கு இன்றுவரை நான் வருத்தப்பட்டதில்லை. இனியும் மாட்டேன். நீ சேற்றிலிருந்து அட்டையை எடுத்துத் துடைத்துக்கொண்டாயே தவிர, ஒரு வார்த்தை பேசினாயா?

அத்தனை வருஷம் அதை மனதில் வைத்திருந்து, கடைசியில் ஒரு சுவர் அளவுக்குப் பெரிதாக்கி மாட்டிவிட்டுப் போயிருக்கிறாய்.

அப்பாவைத் திருப்பிக் கூட்டிப் போய்விடலாம் என்று பார்த்தேன். அதற்குள் அவர் படத்துக்கு முன்னால் கிடந்த பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். கண்ணாடியைக் கழற்றினார், வேட்டி முனையில் துடைத்தார், மறுபடி போட்டுக்கொண்டார்.

"தமிழு, நானா இது?"

"ஆமாம்பா."

"வாய இப்டியா தொறந்துட்டிருந்தேன்?"

நான் அவர் பக்கத்தில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

"ஒரு துண்டாவது போட்டு வரைஞ்சிருக்கலாம் இவன்," என்றார்.

அந்த நேரம் பார்த்து ஒரு ஆள் பாஸ்கரின் தோளில் கைபோட்டு அவரைத் தள்ளிக்கொண்டு வந்தார். பிச்சாவரம் போகிற சாலையில் ரிசார்ட் கட்டிக்கொண்டிருப்பவராம். நாற்காலியில் இருப்பது யார் என்று அவருக்குத் தெரியாது. எங்கள் தலைக்கு மேலேயே பேசினார்.

"ரிசப்ஷன்ல அந்த மெயின் செவுத்துக்கு இத எடுத்துக்கறேன் பாஸ்கர். என்னா ஸ்கை! பாத்தாலே உள்ள குளுகுளுன்னு இருக்கு. அந்த மூலைல இருக்கற கெழவன் மட்டும் வேணாம். கெஸ்ட்டெல்லாம் காலைல டிபனுக்கு வர எடம். கேன்வாஸ ஒரு ஓரம் மடிச்சு பிரேம் போட்டா போச்சு. யாருக்குத் தெரியும்?"

பாஸ்கர் முகம் செத்துவிட்டது. முடியாது என்று சொல்வார் என்று பார்த்தேன். "வீட்ல கேட்டுச் சொல்றேன் சார்," என்றார்.

நான் வாயைத் திறக்கும் முன் அப்பா பேசினார். "மடிச்சுடுங்க சார். அசிங்கமாத்தான் இருக்குது."

"அப்பா, சும்மா இருங்க. அதெல்லாம் மடிக்க முடியாது," என்றேன்.

"ஏன் முடியாது? என் மூஞ்சிதான? வேணுமா வேணாமான்னு நான் சொல்லக் கூடாதா?"

சொல், நான் என்ன பதில் சொல்லியிருக்க வேண்டும்? அந்த மூஞ்சியை நீ வரையவே கூடாது என்று அன்றைக்கு உன்னை அடித்தவள் நான். அதே நான் இன்றைக்கு அதை மறைக்கக் கூடாது என்று நிற்கிறேன், அந்த மூஞ்சிக்குச் சொந்தக்காரர் மறைத்துவிடு என்கிறார். இப்படி ஒரு இடத்தில் என்னை நிறுத்திவிட்டு நீ எங்கேடா போனாய்?

ஆனால் அந்த ஆள் தோளில் கிடந்த சால்வையை விரித்து மூலையை மூடிக்காட்டி, "பாருங்க, இப்ப எவ்ளோ நல்லாருக்கு!" என்றதும் நானும் பார்த்தேன். அவர் சொன்னது பொய்யில்லை. நல்லாத்தான் இருந்தது. அப்பா மறைந்ததும் விழுந்த மரங்கள் வெறும் வடிவமாகிவிட்டன, வானம் வெறும் விடியலாகிவிட்டது. காலண்டரில் போடலாம், காபியைப் பிடித்துக்கொண்டு ரசிக்கலாம். சால்வையை எடுத்ததும் அதே நீலம் வேறாகிவிட்டது. அதன் மேல் எனக்கு ஆத்திரம் வந்தது, கண்ணை எடுக்கவும் முடியவில்லை. நீ ஏன் அவ்வளவு அழகாக அதை வரைந்தாய் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. உறைத்ததற்காக உன்னைப் பாராட்டுவேன் என்று எதிர்பார்க்காதே.

"சார்," என்றேன். "இந்த வானம் இவரு தலைக்கு மேல இருந்த வானம். இவரு வேணாம்னா இதுவும் வேணாம். உங்க ரிசார்ட்டுக்கு மொட்டமாடி இருக்குமில்ல, அங்க போய்ப் பாருங்க. வானம் சும்மாத்தான் கெடக்குது."

அவர் என்னைப் பார்த்தார், அப்பாவைப் பார்த்தார், படத்தைப் பார்த்தார். புரிந்துவிட்டது. புரிந்ததும் என்ன செய்தார் தெரியுமா? மன்னிப்புக் கேட்டிருப்பார் என்று நீ நினைப்பாய். உனக்கு எப்போதும் மனிதர்கள் மேல் தேவைக்கு ஜாஸ்தி நம்பிக்கை.

"ஐயா, நீங்கதானா அது!" என்று குனிந்து அப்பாவின் தோளில் கைபோட்டார். மறு கையில் போனைத் தூக்கினார். "படம் பின்னாடி தெரியற மாதிரி ஒண்ணு எடுத்துக்கலாம்யா. அன்னிக்கு மாதிரியே கொஞ்சம் மூஞ்ச வச்சுக்குங்களேன்."

அப்பா அந்தக் கையைத் தோளிலிருந்து எடுத்துக் கீழே விட்டார். எழுந்து நேராக நின்றார். முட்டி வலியில் அவர் இப்போதெல்லாம் அவ்வளவு நேராக நிற்பதில்லை.

"அவன் எம்புள்ள. அவன் பாத்தான், பொறுத்துக்கிட்டேன். நீ யாரு?"

மைக்கில் பேசியவர் டீக் கப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். ரிசார்ட்காரர், "சும்மா ஒரு மரியாதைக்குத்தான் கேட்டேன்," என்று ஏதோ சொல்லிக்கொண்டே படியிறங்கிப் போனார்.

அப்பா என் பக்கம் திரும்பி, "வண்டி பிடி. ஊட்டுக்கு எடுத்துட்டுப் போலாம்," என்றார்.

கண்காட்சி முடியும்வரை படம் இருக்கட்டும் என்று பாஸ்கர் கெஞ்சினார். அவரிடம் நான் பேசியது அத்தனையும் இங்கே எழுத முடியாது. வீட்டில் கேட்டுச் சொல்கிறேன் என்ற ஒரு வாக்கியத்துக்கு என்னென்ன அர்த்தம் உண்டோ எல்லாவற்றையும் சொன்னேன். பாவம், அழுதுவிட்டார். பிறகு அவரே போய் ஒரு குட்டியானை வண்டியைப் பிடித்துவந்து, படத்தைப் பெட்ஷீட்டில் சுற்றிக் கட்டி ஏற்றினார். அப்பா டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்தார். ஒவ்வொரு ஸ்பீட் பிரேக்கருக்கும், "மெதுவாப் போப்பா, மெதுவா," என்று சொல்லிக்கொண்டே வந்தார். கடலூர் வரும்வரை அதுதான் பேச்சு.

வீட்டு வாசலில் அது நுழையவில்லை. நீதான் வாசல் அளவு பார்த்து வரைகிற ஆளா? கார் ஷெட்டில் சாய்த்து வைத்திருக்கிறோம். என் ஸ்கூட்டி இப்போது தெருவில் நிற்கிறது. அதற்கும் உன்னைத்தான் திட்டுகிறேன்.

முதல் வாரம் அப்பா அந்தப் பக்கம் போகவில்லை. பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, நான் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தபோது, ஷெட்டுக்குள்ளிருந்து கூப்பிட்டார். பெட்ஷீட்டை விலக்கிவிட்டுப் படத்துக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார்.

"அன்னிக்கு நீ என்னத் தூக்குன," என்றார். "ஊர்ல இருந்து வந்தவுங்களும் எழுந்திரு எழுந்திருன்னாங்க. அழாதன்னாங்க. நட்டஈடு வரும்னாங்க. இவன் ஒருத்தன்தான் என்ன அழ உட்டான்."

நான் ஈரத் துணியோடு நின்றேன்.

"நீ தூக்குனது தப்புன்னு சொல்லல," என்றார்.

சொல்லவில்லைதான். ஆனால் மாறா, அன்றைக்கு அவரைக் குளிப்பாட்டியது நான். கஞ்சி காய்ச்சி ஊட்டியது நான். மரத்துக்கு மரம் அதிகாரிகளைக் கூட்டிப் போய்க் காட்டியது நான். உன்னைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியதும் நான்தான். சும்மா நின்று பார்த்த உனக்கு அந்த வார்த்தை கிடைத்திருக்கிறது. அதைக் கேட்கக்கூட நீ இல்லை. இதில் யார் மேல் நான் கோபப்படுவது? உள்ளே போய்க் குக்கரை வைத்தேன். விசில் வரும்வரை அழுதேன். யாரும் என்னை எழுந்திரு என்று சொல்லவில்லை.

உன் கண்காட்சிக்கு வந்த சில கல்லூரிப் பெண்கள் படத்தை வீட்டுக்கு வந்து பார்க்கலாமா என்று பாஸ்கர் மூலம் கேட்டிருக்கிறார்கள். அப்பாவிடம் கேட்டேன். யோசித்துவிட்டு, "வரட்டும். எம்பேர மட்டும் சொல்லாத. நான் உள்ள இருந்துக்கறேன்," என்றார். அடுத்த வாரம் வருகிறார்கள்.

அதனால் ஒரு வாக்குக் கொடுக்கிறேன், கேட்டுக்கொள். அந்தத் துணியில் ஒரு நூலைக்கூட யாரும் மடிக்க விடமாட்டேன். எவ்வளவு கொடுத்தாலும் சரி, மூலையில் இருப்பவரோடு சேர்த்து வாங்குகிறவருக்குத்தான் அது போகும். இல்லையென்றால் ஸ்கூட்டி மழையில் நனையட்டும். வருகிறவர்கள் வானத்தைப் பார்த்து ஆகா என்பார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும் என்று விடமாட்டேன். கீழே பார்க்கிறவரை பக்கத்திலேயே நிற்பேன். பார்த்தபின், அழுகிற மனிதரின் முன்னால் இடம் காலியாக இருக்கிறதே, அங்கே யாரும் இல்லையா என்று யாராவது கேட்டால், "அங்க நான் நின்னேன்மா, என்னத்தான் அவன் வரையல," என்று சொல்வேன்.

உன்னை இன்னும் மன்னிக்காத, உன் படத்தையும் விட்டுக்கொடுக்காத
உன் கூடப்பிறந்த அக்கா,
தமிழரசி