மூன்று குருவித் தோரணம்

ஆனி 14, வியாழன்.
காலையில் தூறல். இங்கே எழுதப்போவதை ஒருவரும் நம்பமாட்டார்கள். தண்ணீர்மலை முருகன்மேல் ஆணை, அத்தனையும் சத்தியம்.

ஞாயிறன்று கமலாவுக்குக் கல்யாணம். அக்காள் மகள். பினாங்குத் தீவில் எந்தப் பந்தலானாலும் தோரணமும் பழக்குலையும் கட்டுவது அடியேன். நான் கட்டிய மாவிலை வாடியதில்லை. சில இன்னும் காய்க்கின்றன. நான் தொங்கவிட்ட அன்னாசி மூன்று வருஷமாகக் கெடவில்லை. எதிர்க்கடைச் சீன முதலாளி, தவுக்கே, அதிர்ஷ்டம் என்று அதைக் கும்பிடுகிறார்.

இன்று அத்தான் அந்த வேலையைத் தன் தம்பி தங்கராசுவிடம் கொடுத்துவிட்டார். துறைமுகத்தில் கிராணி. மூட்டை எண்ணுகிறவன்! எல்லார் முன்னாலும் சொன்னான்: "மச்சான் கட்டினா பலாப்பழம் மாப்பிள்ளை தலையில விழும்லா."

வீடே சிரித்தது. அத்தானும். கமலா மட்டும் சிரிக்கவில்லை. "நீங்க கட்டுவீங்கன்னுதான் மாமா நெனச்சிருந்தேன்."

சபதம்: பழி தீரும்வரை வெற்றிலை தொடேன்.
(மணி பதினொன்று. ஒன்றே ஒன்று.)

ஆனி 15, வெள்ளி.
இரும்பு உருகும் வெயில். ஆயர் ஈத்தாம் சந்தையில் டுரியான் ஒன்று வாங்கினேன், பலாவுக்கு அண்ணனான முள்ளுப் பழம். ஏற்றியதும் மூன்று மாட்டுவண்டிகளுக்கு அச்சு முறிந்தது. தங்கராசு நாற்காலிக்கு நேர் மேலே தொங்கப்போகிறது.
ஆயுதங்கள்: டுரியான் 1. கப்பல் கயிறு. நூல்கண்டு. பொறுமை (இருப்பு இல்லை).

ஆனி 16, சனி.
மேகமூட்டம். மத்தியானம் பந்தல் பார்க்கப் போனேன். ஏணிமேல் தங்கராசு, சிங்காசனத்தில்போல. பந்தல் முழுக்கக் குருத்தோலைத் தோரணம். அண்ணாந்து பார்த்தேன். ரத்தம் உறைந்தது. அப்புறம் தேனாய் இனித்தது.

ஒவ்வொரு ஓலையிலும் பின்னிய குருவி மூன்று. தலை கீழே.

கல்யாணத்துக்கு நாலு குருவி, தலை மேலே. மூன்றாகத் தலைகீழாகத் தொங்கினால் சாவு வீடு.

"ஏன்டா மூணு?"

"மூணு போதும் மச்சான். ஓலை மிச்சம்லா."

நாளைக்குச் சம்பந்தியம்மா பட்டர்வொர்த்திலிருந்து வருகிறார். பூனை குறுக்கே போனதற்கே ஒரு நிச்சயதார்த்தத்தை நிறுத்தியவர். நான் வாயை மூடிக்கொண்டால் போதும். தங்கராசு ஒழிந்தான், ஏழு தலைமுறைக்கு.

கமலாவின் கல்யாணமும்.

உள்ளே அவள் வளையல் போட்டுப் பார்க்கும் சத்தம். சனியன் பிடித்த வளையல், நல்ல நேரம் பார்த்தது.

ஏணியை உலுக்கி அவனை இறக்கி, விஷயத்தைச் சொன்னேன். முகம் சுண்ணாம்பு.

"மச்சான், காப்பாத்துங்க. அண்ணன் கொன்னுடுவாரு."

"காப்பாத்தறேன். எல்லாத்தையும் பிச்சுப் போட்டுட்டு நீயே புதுசாப் பின்னணும். நாளைக்கு நான் சொல்ற நாற்காலியில உக்காரணும். யார் கட்டினதுன்னு கேட்டா என் பேரைச் சொல்லணும்."

உள்ளே வளையல் சத்தம் நின்றிருந்தது.

சாயங்காலம்வரை பின்னினான். நான் சாய்வு நாற்காலியில், வாய் நிறைய வெற்றிலை. "இது கழுத்து ஒடிஞ்ச குருவி, தங்கராசு. மறுபடி பின்னு." பதினேழு தடவை சொன்னேன். எட்டுத் தடவை அவசியமே இல்லை.

ஆனி 17, ஞாயிறு.
வானம் துடைத்த வெள்ளி. முகூர்த்தம் முடிந்தது. சபையில் பதினாயிரம் பேர். தங்கராசு தலைக்கு மேல் டுரியான், நிலா அளவு. காதில் சொல்லி வைத்திருந்தேன்: "நூல்லதான் கட்டியிருக்கேன்."

பாவி, மாப்பிள்ளை தாலி கட்டியதைப் பார்க்கவேயில்லை. கண் மேலேயே. கெட்டிமேளத்துக்கு இரண்டு கையாலும் தலையை மூடிக்கொண்டான்.

சம்பந்தியம்மா: "யாருங்க அவரு? சாமி வந்திருக்கா?"

"பயம் வந்திருக்கும்மா" என்றேன்.

சபை சிரித்தது. அத்தானும். அந்தம்மா அண்ணாந்து, "தோரணம் லட்சணமா இருக்கு. யாரு கட்டினது?"

தங்கராசு, கழுத்தை அசைக்காமல்: "மச்சான்தான்."

தேன்.

வண்டி அச்சு முறியவில்லை. பதினாயிரம் பேர் இல்லை. நூலும் இல்லை, கப்பல் கயிறு, ஆறு முடிச்சு. இத்தனை புளுகில் ஒரு சின்ன இடம் நிஜம். தாலி ஏறியதும் கமலா தோரணத்தை அண்ணாந்து பார்த்து, குருவிகளை உதட்டுக்குள் எண்ணினாள். ஒன்று, இரண்டு, மூன்று. என்னைப் பார்த்தாள்.

நாலு.