கிட்டங்கியில் வைத்த பிடிமண்

கோவில்பட்டி,
9-9-1982

அன்புள்ள சங்கரபாண்டிக்கு,

சித்தி எழுதுவது. இங்கே அப்பாவும் நானும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், பிலாயில் நீயும் வேளைக்குச் சாப்பிட்டுத் தூங்கி சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். வீட்டுச் செய்திகளையெல்லாம் எழுதிவிட்டுக் கடைசியில் இதை எழுதலாம் என்று நினைத்து இரண்டு தாளைக் கிழித்துப் போட்டாயிற்று, அதனால் முதலிலேயே எழுதிவிடுகிறேன். முந்தாநாள் செவ்வாய்க்கிழமை சாயங்காலம் இஸ்மாயில் நம் கிட்டங்கி வாசலில் வந்து நின்றான். உள்ளே வா என்று நான் சொல்லவில்லை.

நீயும் அவனுமாகச் சேர்ந்து அந்த இடத்தைத் திறந்த நாளிலிருந்து அவனை யாரும் உள்ளே வா என்று கூப்பிட்டதே கிடையாது, உனக்குத் தெரியும். ஒரு செருப்பு கிழக்கே கிடக்கும், இன்னொன்று மேற்கே கிடக்கும், வாசலில் காலை வைக்கும்போதே யாரையாவது கேலி செய்துகொண்டுதான் நுழைவான். அன்றைக்குச் செருப்பைத் தெருவோரமாகச் சேர்த்துக் கழற்றி வைத்துவிட்டுப் படிக்குக் கீழேயே நின்றுகொண்டு, "என் பிரஷ் டப்பாவ மட்டும் எடுத்துத் தாங்க, சித்தி. ஒரு போர்டு எழுத வேண்டியிருக்கு" என்றான். உள்ளே வா என்று நான் சொல்லியிருந்தால் வந்திருப்பான். விருந்தாளி வருவது போல வந்து, விருந்தாளி நிற்பது போல நின்றுவிட்டுப் போயிருப்பான். அதை என் வாயால் தொடங்கி வைக்க எனக்கு மனம் வரவில்லை. டப்பாவை எடுத்துக் கொடுத்தேன், உன்னிடமிருந்து கடிதம் வந்ததா என்று கேட்டான், வந்தது என்றேன், போய்விட்டான். டர்பன்டைன் வாசனை நேற்றுவரை என் கையில் இருந்தது.

கிட்டங்கி தப்பித்த கதையை அப்பா உனக்குச் சித்திரையிலேயே எழுதிவிட்டார், நீயும் சந்தோஷப்பட்டுப் பதில் போட்டிருந்தாய், அந்தப் பதிலை அவர் முக்கு டீக்கடை வரைக்கும் கொண்டுபோய்ப் படித்துக் காட்டினார். அவர் எழுதியதில் பொய் ஒன்றும் இல்லை. அவர் கண்ணில் படாதது சில உண்டு, அதற்காகத்தான் இந்தக் கடிதம். நான் இந்த வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தபோது எனக்குப் பத்தொன்பது வயது, தாயில்லாத பிள்ளை நீ ஐந்தாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தாய். அப்போது நம் தெருவுக்குப் பேர்கூடக் கிடையாது, பருத்திக் கிட்டங்கிக்குப் பின்புறம் என்பதுதான் முகவரி. மூட்டை அடுக்கி வைத்திருந்து, வியாபாரம் நொடித்ததும் பூட்டிப்போட்ட கட்டிடம், உள்ளே ஆடு அடையும், ஆடு போனால் சீட்டாடுகிறவர்கள் அடைவார்கள். தபால்காரர் தெருவுக்குள் வரமாட்டார், கடிதத்தை டீக்கடையில் கொடுத்துவிட்டுப் போவார். தீப்பெட்டி ஆபீஸ் விட்டு வருகிற பெண்கள் நம் தெரு வழியாக வராமல் ஊரைச் சுற்றிக்கொண்டு வீட்டுக்குப் போவார்கள். நீயும் இஸ்மாயிலும் படிப்பை முடித்து வேலை கிடைக்காமல் அலைந்த வருஷம், மதுரையில் இருக்கும் கட்டிடச் சொந்தக்காரரிடம் வாய்வார்த்தையாகக் கேட்டுச் சாவியை வாங்கி வந்து ஆட்டுப்புழுக்கையை அள்ளினீர்கள். பையன்களுக்குப் பொழுது போகட்டும் என்றுதான் நான் நினைத்தேன், அதற்குமேல் அதில் எனக்கு ஒரு நம்பிக்கையும் இல்லை.

பிறகு நடந்ததை நினைத்தால் இப்போதும் வியப்பாகத்தான் இருக்கிறது. கடைகளுக்குப் போர்டு எழுதி மிஞ்சிய பெயிண்டை வைத்து அவன் வடக்குச் சுவர் முழுக்கப் படம் எழுதினான், பருத்தி எடுக்கிறவர்கள், தீப்பெட்டி ஆபீஸ் பெண்கள், எல்லாம் நம் தெருவிலேயே இருக்கிற முகங்கள். தன் முகத்தைச் சுவரில் பார்க்கத்தான் தீப்பெட்டி ஆபீஸ் வேலுத்தாய் முதல்முதலாக உள்ளே வந்தாள். நம் வீட்டில் அடுப்படியில் யாருக்கும் தெரியாமல் படித்துக்கொண்டிருந்த என்னை, சனிக்கிழமைதோறும் நூலகப் புத்தகம் எடுத்துவந்து சத்தமாக வாசிக்கச் சொன்னவனும் அவன்தான். பெண்கள் தீப்பெட்டி ஒட்டும் தாம்பாளத்தோடு வந்து உட்காருவார்கள், கை ஒட்டிக்கொண்டிருக்கும், காது இங்கே இருக்கும். இஸ்மாயிலின் அம்மா ஆயிஷா பீவிதான் எல்லாருக்கும் பசை காய்ச்சிக் கொண்டுவருவாள். பனி பெய்கிற தேசத்துக் கதை ஒன்றை நான் வாசித்தபோது, "ஏக்கா, இம்புட்டுப் பனியில அவியளுக்குத் தீப்பெட்டி நமுத்துப் போவாதா" என்று வேலுத்தாய் கேட்டதை உனக்கு எழுதினேனே, நினைவிருக்கிறதா. புதியம்புத்தூரில் வாழ்க்கைப்பட்ட என் தங்கை தையல்கடை வெட்டுத்துணிகளை மூட்டையாக அனுப்ப, அதை ஒட்டுப்போட்டு நாடகத்துக்குத் திரை தைத்தோம். கடம்பூரிலிருந்து நாடகம் பார்க்க வருகிறவர்கள் போளிப் பொட்டலத்தோடு வருவார்கள். இத்தனை பேர் வந்து போகிற தெரு என்று ஆனபிறகு விளக்குக் கம்பம் வந்தது, குழாய் வந்தது, தபால்காரரும் வந்தார். தீப்பெட்டி ஆபீஸ் பெண்கள் நம் தெரு வழியாகவே பேசிக்கொண்டு போனார்கள். நீ பிலாய்க்குப் போனபிறகும் ஒரு சனிக்கிழமை தவறவில்லை, அத்தனையையும் அவன் தலையில் போட்டுக்கொண்டான்.

தெரு நன்றாக ஆனதுதான் வினையாயிற்று. மாசியில் கட்டிடச் சொந்தக்காரர் வந்தார். நல்ல மனிதர்தான், சுவர்ப் படத்தைப் பார்த்து மெச்சினார், மெச்சிக்கொண்டே நீளவாட்டில் நடந்து இடத்தை அளந்தார். லாரி நிறுத்துகிற செட்டுக்குக் கேட்கிறார்களாம். யாருக்கும் வேண்டாத இடமாக இருந்தவரைக்கும் அது எல்லாருக்கும் சொந்தமாக இருந்தது. அவர் போனபிறகு டீக்கடையில் எல்லாரும் கூடியிருக்க, இஸ்மாயில்தான் சிரித்துக்கொண்டு அப்பாவிடம், "மாமா, நாடகத்துக்கு அட்டையில ஒரு சாமி பீடம் செஞ்சோம்லா, அத இங்கனயே மூலையில வச்சிருவோம். எவன் வந்து கை வைக்கான்னு பாப்போம்" என்று சொன்னான். விளையாட்டாகத்தான் சொன்னான். அப்பா சிரிக்கவில்லை. "சாமி காரியத்துல பொய்வேசம் ஆவாதுலே. வச்சா உள்ளபடிக்கே வைக்கணும்" என்று சொல்லிவிட்டு, மறு செவ்வாய்க்கிழமை விரதமிருந்து குளத்தூர்ப் பக்கம் நம் உச்சிமாகாளி கோயிலுக்குப் போய், பூசாரி கையால் ஒரு கைப்பிடி மண் எடுத்து மஞ்சள் துணியில் முடிந்து கொண்டுவந்துவிட்டார். அந்தப் பிடிமண்ணை வைத்து, அதன்மேல் பீடம் கட்டிவிட்டால் அவள் வந்துவிட்டாள் என்று அர்த்தம், அப்புறம் அதைப் பெயர்க்க யாராலும் ஆகாது. நாடக மேடை இருந்த கிழக்கு மூலையில் வைத்தார்கள். பீடத்துக்கு வெள்ளையும் செம்மண்ணும் மாறிமாறிப் பட்டை அடித்துக் கொடுத்தது இஸ்மாயில்தான், கோடு ஒன்றுகூடக் கோணவில்லை. சித்திரையில் சொந்தக்காரர் வந்து பார்த்தார், கன்னத்தில் போட்டுக்கொண்டு, "அவளே வந்து உக்காந்துட்டா, இனி எனக்கென்ன பேச்சு" என்று சொல்லிவிட்டு மதுரைக்குப் போய்விட்டார். அன்றைக்கு இஸ்மாயில் உன் அப்பாவைத் தூக்கிக்கொண்டு ஆடினான். இதுவரைக்கும்தான் அப்பா உனக்கு எழுதினது.

அதற்குப் பின்னால் நடந்ததில் எதைக் குற்றம் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. சாமி இருக்கிற இடத்தில் செருப்போடு வரவேண்டாம் என்றார்கள், சரிதானே. அம்மனை மறைத்துத் திரை இழுக்க வேண்டாம் என்றார்கள். இஸ்மாயில் குடிகாரனாக வருகிற நாடகத்தை அவள் கண் முன்னால் போடவேண்டாம் என்றார்கள். அவனே எல்லாவற்றுக்கும் முதலில் தலையாட்டினான். மாதத்தில் சில நாள் பெண்கள் வரக்கூடாது என்று ஆயிற்று. வேலுத்தாய் என்னிடம் வந்து, "முந்தி இங்கன வந்தா ஊரு உலகத்தையே மறந்திருப்பேன், இப்பம் வாசல்ல நின்னு விரல்விட்டு எண்ணிட்டு வர வேண்டியிருக்கு" என்று சொன்னாள். கதையின் நடுவில் ஒரு வாரம் விட்டவளுக்கு மறு வாரம் அது பிடிபடவில்லை, பிறகு அவள் வரவில்லை. பசைக் கையோடு சாமி முன்னால் உட்காரக்கூடாது என்று ஆயிஷா பீவி தானாகவே வருவதை நிறுத்திக்கொண்டாள், யாரும் சொல்லவில்லை, அது அவளுடைய மரியாதை. நான் மட்டும் புத்தகத்தைக் கொண்டுபோய் உட்கார்ந்து, வெளியே யாராவது வருகிற சத்தம் கேட்கிறதா என்று பார்த்துக்கொண்டிருப்பேன்.

இஸ்மாயில் ஆடிவரைக்கும் வந்தான். அம்மனுக்கு எடுக்கிற ஆடிக் கொடைத் திருவிழாவுக்கு முந்தின கூட்டத்தில் பேச்சு முடிந்ததும் திருநீற்றுத் தட்டைக் கொண்டுவந்தார்கள். எல்லாருக்கும் கொடுத்துக்கொண்டே வந்தவர் இஸ்மாயில் முன்னால் வந்ததும் ஒரு கணம் நின்றார். கொடுத்தால் சங்கடப்படுவானோ, கொடுக்காவிட்டால் வருத்தப்படுவானோ என்று யோசித்திருப்பார், இரண்டுமே நல்ல எண்ணம்தான். பிறகு லேசாகச் சிரித்துவிட்டுத் தட்டை அடுத்தவரிடம் கொண்டுபோனார். அவனும் சிரித்தான். அதற்குப் பிறகு அவன் வரவில்லை. அப்பா அவனை டீக்கடையில் பார்த்து, "ஏலே, உன்னைய யாரும் வராதன்னு சொன்னாவளா" என்று கேட்டிருக்கிறார். "இல்ல மாமா, ஒருத்தரும் ஒண்ணும் சொல்லல" என்றானாம். அப்படித்தான் சொன்னான் என்று அப்பா என்னிடம் வந்து நிம்மதியாகச் சொன்னார். நான் சாதம் போட்டுக்கொண்டிருந்தேன், அவர் முகத்தைப் பார்த்துவிட்டு இன்னொரு கரண்டி வைத்தேன். அவர் காப்பாற்றத்தான் நினைத்தார், காப்பாற்றியும் விட்டார், கட்டிடம் நிற்கிறது, லாரி வரவில்லை. சுவர்ப் படத்தையும் யாரும் அழிக்கவில்லை. கொடைப் பந்தல் தட்டிகளையும் பொங்கல் பானைகளையும் அதை ஒட்டி அடுக்கியிருக்கிறார்கள், மேலே வேலுத்தாயின் முகம் மட்டும் தெரிகிறது.

நீ லீவில் வந்து பேசிச் சரிசெய்துவிடலாம் என்று நினைப்பாய், உன் சுபாவம் எனக்குத் தெரியும். யாரோடு பேசுவது, யாரும் சண்டை போடவில்லையே. நான் படித்த புத்தகங்களில் ஒரு இடம் பாழாவதென்றால் யாராவது கெட்டவர்கள் வந்து பாழாக்குவார்கள். இங்கே வந்தவர்கள் எல்லாரும் நல்லவர்கள், எனக்கு அதுதான் ஆறவில்லை. இதைப் படித்துவிட்டு அப்பாவுக்கு எதுவும் கேட்டு எழுதாதே, அவருக்கு இரத்தக்கொதிப்பு, மாத்திரையை நான் எடுத்து வைத்தால்தான் சாப்பிடுகிறார்.

மற்றபடி சிவப்புப் பசு கிடாரிக் கன்று போட்டிருக்கிறது, நல்ல துடிப்பு, சீம்பால் காய்ச்சியபோது உன் நினைவுதான். ஆவணி முடியப் போகிறது, இன்னும் ஒரு மழை இல்லை, கரிசலில் கால் நுழைகிற அளவுக்கு வெடிப்பு, அப்பா உழுது போட்டுவிட்டு வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். உளுந்தும் கம்பும் விதைக்கு எடுத்து வைத்திருக்கிறோம். அங்கே குளிர் தொடங்குமுன் கம்பளி வாங்கிக்கொள், போன வருஷம் போலச் சளி பிடித்த பிறகு வாங்காதே. இரும்பு உலைப் பக்கம் வேலை செய்யும்போது கண்ணாடியைக் கழற்றாதே. சப்பாத்தி பிடிக்காவிட்டால் இரவுக்காவது கொஞ்சம் சோறு பொங்கிக்கொள். அறையில் கூட இருக்கிற பையன்களை எங்கிருந்து வந்தவர்களானாலும் அண்ணன் தம்பி மாதிரி வைத்துக்கொள். நீ நன்றாக இருக்க வேண்டும், உன் அம்மா இருந்து சொல்ல வேண்டியதையும் சேர்த்து நானே சொல்கிறேன், நீண்ட ஆயுளோடு குறையில்லாமல் இருப்பாய்.

மறந்துவிடாதே, இனிக் கடிதம் போடும்போது பருத்திக் கிட்டங்கிக்குப் பின்புறம் என்று எழுத வேண்டாம். நகராட்சியில் நம் தெருவுக்குப் பேர் வைத்துவிட்டார்கள், உச்சிமாகாளியம்மன் கோயில் தெரு என்று எழுது, வந்துவிடும். தெருப் பலகையை எழுதினது இஸ்மாயில்தான். நேற்றுக் காலையில் அதை முக்கில் மாட்டிவிட்டு, சாயங்கால ரயிலில் கோயம்புத்தூருக்குப் போய்விட்டான்.

இப்படிக்கு,
உன் சித்தி
வெயிலுகந்தம்மாள்